யூத நாடு, ஜனநாயக நாடு: இஸ்ரேல் பயணக் குறிப்புகள்

ஜூன் 9, 2023, வெள்ளி – டெல் அவிவ்

பென் குரியன் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. வெள்ளி மதியத்தோடு ரயில் நின்றுவிடும், இனி நாளை இரவுதான் என்றார் காவலாளி. சப்பாத் என்னும் ஓய்வுநாள் வெள்ளி அந்தியில் தொடங்கி சனி அந்தியில் முடிகிறது. அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன், விமானம் தாமதமாகிவிட்டது. டாக்ஸி ஓட்டியவர் லோத் நகரத்து அரபுக்காரர். வெள்ளியும் சனியும்தான் தனக்கு நல்ல வருமானம் என்று சிரித்துக்கொண்டே மீட்டரைப் போட்டார்.

இந்த ஓய்வுநாள் ஏற்பாட்டின் பூர்வீகத்தைத் தேடினால் ஒரு கடிதத்தில் போய் நிற்கும். 1947 ஜூன் 19 அன்று யூதத் தலைவர் டேவிட் பென் குரியன் தரப்பு, அகுதத் இஸ்ரேல் என்ற தீவிர மதப்பற்றாளர் அமைப்புக்கு எழுதியது. பாலஸ்தீனத்தை என்ன செய்வது என்று விசாரிக்க ஐ.நா. குழு வந்திருந்த நேரம். யூதர்கள் ஒரே குரலில் தனி நாடு கேட்க வேண்டிய கட்டாயம். நாத்திகர்கள் நடத்தும் அரசு தங்களுக்கு எதற்கு என்று மதத் தலைவர்கள் முரண்டு பிடித்தால் காரியம் கெட்டுவிடும். எனவே வாக்குக் கொடுத்தார்கள்: சனிக்கிழமையே ஓய்வுநாள், அரசு சமையலறைகளில் மத விதிப்படியான கோஷர் உணவு, திருமண விவகாரங்களில் மதத்தாருக்கு மனக்குறை வராது, மதப் பள்ளிகளுக்குத் தன்னாட்சி. நாடு பிறப்பதற்கு முன்பே போட்ட இந்த அரசியல் உடன்படிக்கைக்கு 'இருந்தது இருந்தபடி' என்று பெயர். 'இருந்தபடி' என்றால் நிஜமாகவே இருந்தபடிதான். பிரிட்டிஷ்காரர் காலத்தில் ஹைஃபாவில் சனிக்கிழமை பஸ் ஓடியது, இன்றும் ஓடுகிறது. டெல் அவிவில் ஓடவில்லை, அதனால் ஓடுவதில்லை. 2019 நவம்பரில் மாநகராட்சி தானே வார இறுதி வேன்களை விட்டது. கட்டணம் வாங்கினால் போக்குவரத்து அமைச்சகத்தின் உரிமம் வேண்டும் என்பதால் இலவசம்!

ஃப்ளோரன்டின் பகுதியில் ஓர் இளம் தம்பதியின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். நேற்று இங்கே ஒருபால் ஈர்ப்பாளர்களின் பேரணி நடந்திருக்கிறது. தெருவெங்கும் வானவில் கொடிகள் இன்னும் பறக்கின்றன. இவ்வளவு கொண்டாட்டம் நடக்கும் நாட்டில் ஓர் ஆணும் பெண்ணும்கூடப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழியில்லை. துருக்கி சுல்தான்கள் காலத்து ஏற்பாடு: யூதருக்கு ரப்பி என்னும் மதகுரு, முஸ்லிமுக்கு ஷரியா நீதிமன்றம், கிறிஸ்தவருக்குச் சபை. அதை பிரிட்டிஷ்காரரும் விட்டுவைத்தார்கள், இஸ்ரேலும் விட்டுவைத்து, அரபு பேசும் தனி மதத்தவரான துரூஸ் மக்களுக்கும் ஒரு நீதிமன்றம் சேர்த்தது.

வீட்டுக்காரப் பெண் கைக்குழந்தையாக உக்ரைனிலிருந்து வந்தவர். அவருடைய அப்பாவின் அப்பா யூதர். 1950-ஆம் ஆண்டின் திரும்பிவரும் உரிமைச் சட்டம் 1970-இல் திருத்தப்பட்டபோது, தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலும் குடியேறலாம் என்று ஆனது. குடியுரிமை உடனே கிடைத்தது. ராணுவத்தில் இரண்டு வருடம் இருந்தார். ஆனால் மதச் சட்டத்துக்குத் தாய் யூதராக இருக்க வேண்டும். ரப்பிகளின் கணக்கில் இவர் யூதரே அல்ல, ஆகவே யூதக் கணவரோடு இங்கே மணமுடிக்க முடியாது. சைப்ரஸில் லார்னகா நகராட்சியில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். திரும்பியதும் உள்துறை அமைச்சகம் 'மணமானவர்' என்று பதிந்துகொண்டது. வெளிநாட்டுத் திருமணத்தைப் பதிவு செய்யத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963-இலேயே சொல்லியாகிவிட்டது. இந்த மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து அதிகாரி காணொளியில் நடத்திவைக்கும் திருமணத்தையும் பதிய வேண்டும். சோபாவில் உட்கார்ந்தபடியே கல்யாணம் செய்துகொள்ளலாம். அது யூட்டாவில் நடந்ததாக இருந்தால் சரி.

எங்கள் நாட்டில் 1954-இலேயே சிறப்புத் திருமணச் சட்டம் வந்துவிட்டது என்றேன். "உங்கள் கூட்டணியில் மதக் கட்சி இல்லை போல" என்றார் கணவர்.

ஜூன் 10, சனி – டெல் அவிவ்

காலையில் ரோத்ஸ்சைல்ட் சாலை 16-ஆம் எண் வீட்டைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமை, பூட்டு. நகரத்தின் முதல் மேயர் டிசன்காஃப் வாழ்ந்த வீடு, பின்னர் அருங்காட்சியகம். 1948 மே 14 மாலை நான்கு மணிக்கு பென் குரியன் இங்கேதான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். பிரிட்டிஷ் ஆட்சி முடிவது நள்ளிரவில். ஆனால் நள்ளிரவு என்றால் சப்பாத் தொடங்கியிருக்கும், கையெழுத்துப் போடக் கூடாது. அதனால் பொழுது சாயும் முன்பே நாடு பிறந்துவிட்டது.

அந்தப் பிரகடனம் 'யூத நாடு' என்று பல இடங்களில் சொல்கிறது. மதம், இனம், பால் பார்க்காமல் குடிமக்கள் எல்லோருக்கும் முழுச் சமத்துவம் என்றும் சொல்கிறது. ஜனநாயகம் என்ற சொல் அதில் கிடையாது. கடவுள் பெயரைப் போட வேண்டும் என்று மதவாதிகளும் போடக் கூடாது என்று இடதுசாரிகளும் கடைசி நேரம் வரை சண்டை போட்டு, கடைசியில் 'இஸ்ரவேலின் கன்மலை' என்று எழுதி இரு தரப்பையும் அனுப்பிவைத்தார்கள். வேதாகமம் படித்தவர்களுக்குக் கன்மலை யாரென்று தெரியும். படிக்காதவர்களுக்கு அது பாறைதான். 1948 அக்டோபர் 1-க்குள் அரசமைப்புச் சட்டம் வரும் என்றும் அதே பிரகடனத்தில் வாக்குக் கொடுத்தார்கள். அது இன்று வரை வரவில்லை. 1950-இல் ஹராரி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் தீர்மானப்படி, அத்தியாயம் அத்தியாயமாக 'அடிப்படைச் சட்டங்கள்' போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்படி 1992-இல் வந்த மனித மாண்புச் சட்டம்தான் 'யூத, ஜனநாயக நாடு' என்ற சொற்றொடரைச் சட்டத்தில் ஏற்றியது. 120 பேர் கொண்ட நாடாளுமன்றமான க்னெசெட்டில் அன்று ஆதரவு 32, எதிர்ப்பு 21. மீதிப் பேர் அவையிலேயே இல்லை, அல்லது கை தூக்கவில்லை.

இரவு எட்டு மணி வாக்கில் கப்ளான் தெரு. 23-ஆவது வாரப் போராட்டமாம். நீதிபதிகளை நியமிக்கும் குழுவை ஆளுங்கட்சி கைக்குக் கொண்டுவருவது, தீர்ப்புகளைச் சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்வது என்று நீதித்துறை அமைச்சர் யாரிவ் லெவின் ஜனவரியில் அறிவித்த திட்டத்துக்கு எதிர்ப்பு. மார்ச் இறுதியில் எதிர்த்துப் பேசிய பாதுகாப்பு அமைச்சரைப் பிரதமர் நெதன்யாகு நீக்கப்போய், அன்றிரவே மக்கள் நெடுஞ்சாலையை மறித்து, மறுநாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. இப்போது பேச்சுவார்த்தை என்கிறார்கள். கூட்டம் நம்பவில்லை.

எங்கு பார்த்தாலும் நீல வெள்ளைக் கொடிகள். தாளத்தோடு "டெ-மொ-க்ராட்-யா, டெ-மொ-க்ராட்-யா." நாலைந்து பேர் பிரகடனத்தின் பெரிய நகல் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற பொறியாளர், எழுபது வயதிருக்கும், பேத்தியைத் தோளில் ஏற்றியிருந்தார். "இங்கே அரசமைப்புச் சட்டம் கிடையாது, மேலவை கிடையாது, கூட்டாட்சி கிடையாது. இருப்பது ஒரு நீதிமன்றம்தான். அதையும் எடுத்துவிட்டால் 61 ஓட்டு எதை வேண்டுமானாலும் செய்யும்" என்றார். நியாயமான பேச்சு.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு கும்பல் பாலஸ்தீனக் கொடிகளோடு நின்றது. ஆக்கிரமிப்பு இருக்கும்வரை ஜனநாயகம் ஏது என்ற பதாகை. பலர் அவர்களைப் பார்க்காததுபோலக் கடந்து போனார்கள். ஒருவர் நின்று திட்டிவிட்டுப் போனார். அரபுக் குடிமக்களை நான் அதிகம் பார்க்கவில்லை. மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் அவர்கள். நேற்று முன்தினம் நாசரேத் அருகே ஓர் அரபு ஊரில் கார் கழுவும் இடத்தில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அரபு ஊர்களில் கொலைகள் இந்த ஆண்டு சென்ற ஆண்டைவிட மிக அதிகம், போலீஸ் கண்டுகொள்வதில்லை என்பது அவர்கள் குறை. அவர்களுடைய அன்றாடப் பிரச்சினை கப்ளான் தெருவில் இல்லை.

யூதர் என்றால் என்ன என்று யூதர்கள் தங்களுக்குள் போடும் சண்டைதான் இங்கே காது கிழியக் கேட்கிறது. யூதர் அல்லாதவருக்கு இந்த நாடு என்ன என்பது ஓரத்துப் பதாகையாக நிற்கிறது. இனி அந்தப் பக்கம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 11, ஞாயிறு – ஹைஃபா

ஞாயிறு இங்கே திங்கள் மாதிரி. ரயில் முழுக்க முகாமுக்குத் திரும்பும் சிப்பாய்கள். துப்பாக்கியை மடியில் வைத்தபடி தூங்குகிறார்கள்.

கார்மேல் மலைமேல் ஸ்டெல்லா மாரிஸ் மடம். இங்கே வாழ்ந்த ஒரு துறவிக்காகவே வந்தேன். போலந்தில் 1922-இல் யூதக் குடும்பத்தில் பிறந்த ஆஸ்வால்ட் ரூஃபைசன். நாஜிகள் காலத்தில் யூதர் என்பதை மறைத்து மீர் நகரத்தில் ஜெர்மன் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஒழித்துக்கட்டும் நாளை முன்கூட்டியே சொல்லி நூற்றுக்கணக்கான யூதர்களைத் தப்ப வைத்தவர். பிறகு ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராகி, சகோதரர் டேனியல் ஆனார். 1959-இல் இஸ்ரேலுக்கு வந்து, நான் மதத்தால் கிறிஸ்தவன், இனத்தால் யூதன், திரும்பிவரும் உரிமைச் சட்டப்படி குடியுரிமை கொடுங்கள் என்றார்.

இந்த வழக்கில் வேடிக்கை என்னவென்றால், மதச் சட்டத்தைக் கேட்டிருந்தால் அவர் யூதர்தான். யூதத் தாய்க்குப் பிறந்தவன் என்ன பாவம் செய்தாலும் யூதனே என்பது ரப்பிகளின் பழைய நிலைப்பாடு. ஆனால் 1962-இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று மறுத்தது. இது மதச்சார்பற்ற சட்டம், சாதாரண மனிதன் 'யூதர்' என்றால் யாரை நினைக்கிறானோ அதுதான் பொருள், மதம் மாறிய துறவியை அவன் நினைப்பதில்லை என்பது வாதம். மதச்சார்பற்ற நீதிபதிகள் மதத்தை அளவுகோலாக்கி அவரை வெளியே நிறுத்தினார்கள். அவர் பின்னர் சாதாரண விண்ணப்ப வழியில் குடிமகனாகி, 1998-இல் இறக்கும்வரை இதே ஊரில் எபிரேயம் பேசும் கத்தோலிக்கருக்குக் குருவாக இருந்தார்.

மலையிலிருந்து இறங்கி வாதி நிஸ்னாஸ். குறுகலான அரபுத் தெருக்கள், மீன் கடை, ஃபலாஃபெல் வாசனை. 1948 ஏப்ரலில் ஹைஃபா யூதப் படைகளின் கைக்கு வந்தபோது நகரத்து அரபு மக்களில் மிகப் பெரும்பாலோர் கப்பலிலும் சாலை வழியாகவும் போய்விட்டார்கள். மிஞ்சிய சில ஆயிரம் பேரில் பலரை இந்தப் பகுதியில் ஒதுக்கிவைத்தார்கள். போனவர்கள் திரும்ப முடியவில்லை. மசாலாக் கடைக்காரர் தன் பாட்டியின் தங்கை லெபனானில் அகதி முகாமில் இறந்ததைச் சொன்னார். "உக்ரைன்காரருக்கு இருக்கும் உரிமை அவருக்கு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸாத்தர் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தார். எனக்கு டெல் அவிவ் வீட்டுக்காரப் பெண் நினைவு வந்தது. அவருக்குக் கல்யாணம் செய்துவைக்க மறுக்கும் அதே நாடு, அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1950 மார்ச்சில் போனவர்களின் வீடு நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்'. அதே ஆண்டு ஜூலையில் திரும்பிவரும் உரிமைச் சட்டம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குடியேறும் உரிமையில் ஓர் இனத்துக்கு முன்னுரிமை கொடுக்கும் நாடுகள் வேறும் உண்டு, அதனாலேயே ஜனநாயகம் இல்லை என்று ஆகாது என்பது இங்கத்திய சட்ட அறிஞர்கள் பலரின் வாதம். ஐரோப்பாவில் நடந்த படுகொலைக்குப் பிறகு ஓர் இடமாவது திறந்திருக்க வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே இருப்பவருக்குக் கதவு திறப்பது ஒன்று, உள்ளே இருந்தவருக்கு மூடுவது இன்னொன்று.

ஜூன் 12, திங்கள் – தாலியத் அல் கார்மேல்

மலைமேல் துரூஸ் ஊர். காபியும் தட்டையான மெல்லிய ரொட்டியும். 1956 முதல் துரூஸ் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. யூதர்களோடு தங்களுக்கு ரத்த உடன்படிக்கை என்பார்கள். 2018 ஜூலையில் தேசிய அரசுச் சட்டம் 62-55 என்று நிறைவேறியது. இந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே என்றது. அரபு மொழியை ஆட்சிமொழி நிலையிலிருந்து 'சிறப்பு அந்தஸ்து'க்கு இறக்கியது. சமத்துவம் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த மாதம் துரூஸ் மக்கள் தங்கள் ஐந்து வண்ணக் கொடியோடு டெல் அவிவில் திரண்டார்கள். 2021-இல் பத்துக்கு ஒன்று என்று நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. மாறுபட்ட அந்த ஒருவர், ஜார்ஜ் கர்ரா, அரபு நீதிபதி. காபிக் கடைச் சுவரில் சீருடையில் இறந்த இளைஞனின் படம் மாட்டியிருந்தது. மாமனாம். கடைக்காரர் அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை, நானும் துருவவில்லை.

ஜூன் 13, செவ்வாய் – நெவாதிம்

பீர்ஷெபாவிலிருந்து கிழக்கே பாலைவனம். இங்கே 1950-களில் கொச்சி யூதர்கள் வந்து குடியேறிய கூட்டுறவுக் கிராமம் இருக்கிறது. கொச்சி பாணியில் கட்டிய ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், நிழலில் ஒரு பாட்டி. நான் இந்திய முகம் என்று கண்டதும் "மோனே, நாடு எவிடெயா?" என்றார். சென்னை என்றேன். என் தமிழும் அவருடைய பழைய மலையாளமும் ஒன்றையொன்று தடவிக்கொண்டே அரை மணி நேரம் ஓடிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போய்த் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பும் சோறும் போட்டார். கறிவேப்பிலை கொல்லைப்புறத்தில் வளர்கிறது. பாலைவனத்தில் கறிவேப்பிலைக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டு வைத்திருப்பதை நான் முதன்முதலாக இங்கேதான் பார்க்கிறேன்.

வருவது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. யானைக்கால் நோய் பரவும் என்று பயந்து சில ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். பொது சுகாதாரத்துக்கு ஆபத்தானவரைத் தடுக்கலாம் என்று திரும்பிவரும் உரிமைச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. கொங்கண் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் மக்களின் கதை இன்னும் மோசம். 1960-களின் தொடக்கத்தில் தலைமை ரப்பிகள், இவர்கள் பல தலைமுறை தனித்து வாழ்ந்தவர்கள், வம்சத்தை விசாரித்துத்தான் மற்ற யூதரோடு மணம் முடிக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள்.  1964-இல் அவர்கள் ஜெருசலேமில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். க்னெசெட் கூடி, பெனே இஸ்ரேல் மக்கள் எல்லா விதத்திலும் யூதர்களே என்று அறிவித்தது; ரப்பிகள் இறங்கிவர வேண்டியதாயிற்று. ஓட்டுப் போடும் சமூகம் என்பதால் நடந்தது. யார் யூதர் என்பதையே ஒரு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டுச் சொன்ன விசித்திரம், 'யூத, ஜனநாயக' என்ற அடைமொழி சட்டத்தில் ஏறுவதற்கு 28 ஆண்டுகள் முன்பே நடந்துவிட்டது.

திரும்பும் வழியில் டாக்ஸியிலிருந்து பார்த்தால் மேட்டில் தகரக் கொட்டகைகள், கூரையில் சோலார் பலகைகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். தலைக்கு மேலே உயர்மின் கம்பிகள் போகின்றன. கொட்டகைக்கு இணைப்பு இல்லை. பெதுவின் என்னும் பாலைவன அரபு மக்களின், அரசு அங்கீகரிக்காத ஊர்கள். குடியிருப்பவர்கள் இஸ்ரேல் குடிமக்கள், ஓட்டு உண்டு, ஊருக்கு வரைபடத்தில் இடம் இல்லை. இதே நெகேவ் பாலைவனத்தில் உம் அல் ஹிரான் என்ற ஊரை இடித்துவிட்டு அங்கே யூத ஊர் கட்டலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு சொன்னது. அந்தக் குடும்பங்களை 1950-களில் அங்கே குடிவைத்ததே ராணுவ நிர்வாகம்தான்.

இதை எழுதும்போது பாட்டியின் மீன்குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அவரும் ஒரு காலத்தில் அரசு கொண்டுவந்து இறக்கிய இடத்தில் குடியிருப்பவர்தான். அவருக்கு வீடு, தண்ணீர், முகவரி எல்லாம் வந்தன.

ஜூன் 14, புதன் – ஜெருசலேம்

உச்ச நீதிமன்றக் கட்டடம் 1992-இல் திறந்தது, அந்தப் புகழ்பெற்ற அடிப்படைச் சட்டம் வந்த அதே ஆண்டு. அண்ணன் தங்கையான இரண்டு கட்டடக் கலைஞர்களின் வேலை. வெள்ளைக் கல், வளைவான சுவர்கள், மேலிருந்து இறங்கும் வெளிச்சம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் யாரும் உள்ளே போகலாம், விசாரணையும் பார்க்கலாம்.

இந்த நீதிமன்றத்தைத்தான் கப்ளான் தெரு காப்பாற்றச் சொல்கிறது. 1995-இல் அஹரோன் பராக் தலைமையில், அடிப்படைச் சட்டங்களுக்கு முரணான சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று அறிவித்தார்கள். 2000-இல், அரசு நிலத்தை யூதக் குடியேற்ற அமைப்பான யூத முகமை வழியாகக் கொடுத்து அரபுக் குடும்பத்தை விலக்கக் கூடாது என்றார்கள். பத்தாண்டு கழித்து க்னெசெட், சிறிய ஊர்களில் யாரைக் குடியேற விடலாம் என்று முடிவு செய்யும் 'சேர்க்கைக் குழு' அமைக்கலாம் என்று சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. 2002-இல், கலப்பு நகரங்களின் பெயர்ப்பலகைகளில் அரபும் இருக்க வேண்டும் என்றார்கள். சில வேளை தைரியம், சில வேளை உம் அல் ஹிரான்.

ஆனால் ஓர் அரசாங்கத்தையே ஆட்டிப் பார்த்தது ரொட்டி. பாஸ்கா பண்டிகை நாட்களில் யூதர்கள் புளித்த அப்பம் வைத்திருக்கக் கூடாது. மருத்துவமனை வாசல் காவலாளிகள் பார்வையாளர்களின் பையில் ரொட்டி தேடுவார்கள். அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்றது நீதிமன்றம், 2020-இல். நோயாளியின் அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் சொந்த விஷயம். 2022 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் அந்தத் தீர்ப்பின்படி நடங்கள் என்று கடிதம் அனுப்பினார். கூட்டணிக் கொறடா இதித் சில்மன் இதைக் காரணம் காட்டி விலகினார். 61 என்ற பெரும்பான்மை 60 ஆனது, சில மாதங்களில் தேர்தல். இஸ்ரேல் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சுயேச்சையான அரபுக் கட்சி, மன்சூர் அப்பாஸின் ராம், பங்கேற்ற கூட்டணி அது. அடுத்து வந்த அரசு இந்த மார்ச்சில் சட்டம் போட்டது: ரொட்டிக்குத் தடையா இல்லையா என்பதை மருத்துவமனை இயக்குநர் முடிவு செய்யலாம். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் முஸ்லிம் நோயாளி சாண்ட்விச் தின்னலாமா என்பதில் யூத நாடும் ஜனநாயக நாடும் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. தத்துவ நூல்களைவிட இது எனக்கு நன்றாகப் புரிகிறது.

சலீம் ஜுப்ரானையும் சொல்லிவிடுகிறேன். இந்த நீதிமன்றத்தின் அரபு நீதிபதியாக இருந்தவர். 2012-இல் ஒரு பதவியேற்பு விழாவில் தேசிய கீதம் பாடியபோது எழுந்து நின்றார், வாயைத் திறக்கவில்லை. 'யூத ஆன்மா ஏங்குகிறது' என்று கீதம் போகிறது. அவர் எப்படிப் பாடுவார்? பதவி பறிக்க வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். அரசு அசைந்து கொடுக்கவில்லை. நின்றது போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்த நாடு இப்படித்தான் பெரும்பாலான நேரம் சமாளிக்கிறது. எழுதி வைக்காமல்.

எதிரே க்னெசெட்டில் இன்று நீதிபதிகள் தேர்வுக் குழுவுக்கு உறுப்பினர் தேர்தல். எதிர்க்கட்சியின் கரீன் எல்ஹரார் ஜெயித்துவிட்டார். ஆளுங்கட்சிக்குள்ளேயே சிலர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். விடுதிக்காரர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கைதட்டினார். இன்னொரு இடம் காலியாகவே இருக்கிறது, சண்டை தொடரும்.

ஜூன் 15, வியாழன் – ஸ்கோபஸ் மலை

எபிரேயப் பல்கலைக்கழகம் இருக்கும் மலை. கிழக்குப் பக்கம் போய் நின்றால் கண்முன்னே இஸ்ஸவியா: நெருக்கியடித்த வீடுகள், பாலஸ்தீனர்கள், ஜெருசலேம் மாநகராட்சி. 1967-இல் கைப்பற்றி நகரத்தோடு இணைத்துக்கொண்ட பகுதி. இங்கிருப்பவர்கள் பெரும்பாலும் 'நிரந்தரக் குடியிருப்பாளர்கள்'. மேயருக்கு ஓட்டுப் போடலாம், க்னெசெட்டுக்கு முடியாது. வெளியூரில் சில வருடம் இருந்துவிட்டால் குடியிருப்பு உரிமையே போகலாம். 1967 முதல் அப்படிப் போனவர்கள் 14,000-க்கும் மேல். கொஞ்சம் தள்ளி மதில், அதற்கு அப்பால் அஸ் ஸையிம் கிராமம்: மேற்குக் கரை, இஸ்ரேல் ராணுவச் சட்டம், பாலஸ்தீன நாடாளுமன்றத்துக்குக் கடைசித் தேர்தல் 2006-இல். அதற்கும் பின்னால் மலைமேல் மாஆலே அதுமீம்: அதுவும் மேற்குக் கரைதான், ஆனால் யூதக் குடியேற்றம், அங்கிருப்பவர் க்னெசெட்டுக்கு ஓட்டுப் போடுகிறார், இஸ்ரேல் நீதிமன்றத்தில் வழக்காடுகிறார். கழுத்தைத் திருப்பாமலே மூன்று விதமான மனிதர்களைப் பார்க்கலாம்.

நாட்டின் உள்ளே இருக்கும் இழுபறியை இஸ்ரேலியர் சமாளிப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சைப்ரஸ், யூட்டா, இலவச வேன், வாய் திறக்காமல் நிற்பது என்று ஏதோ ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. இந்த மலையிலிருந்து தெரிவதற்குச் சந்து கிடையாது. யெஷயாஹு லைபோவிட்ஸ், சப்பாத்தை ஒரு விரற்கடை மீறாத வைதிக யூதர், இதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர், 1967 வெற்றி முடிந்த சூட்டிலேயே பிடித்த நிலத்தை விட்டு வெளியேறச் சொன்னார். பல லட்சம் பேரை அவர்கள் விருப்பமில்லாமல் ஆள்வது ஆளுபவரைத்தான் கெடுக்கும் என்றார். மதத்தையும் அரசையும் பிரிக்கச் சொன்னவரும் அவர்தான், அரசு மதத்தை வேலைக்காரி ஆக்கிவிடும் என்று. வைதிகர் என்பதால் கப்ளான் தெருவும் அவரை முழுக்கக் கொண்டாடவில்லை, வைதிகர்களும் ஏற்கவில்லை.

வேலியோரம் தலையில் துணி கட்டிய மாணவி ஒருத்தி கையில் தடிப் புத்தகத்தோடு நின்றாள். கீழே இஸ்ஸவியாவைக் காட்டி "எங்கள் வீடு அந்தப் பள்ளிவாசலுக்குப் பின்னால்" என்றாள். சட்டம் படிக்கிறாள், எபிரேயத்தில். வழக்கறிஞர் சங்கத்தில் சேர நிரந்தரக் குடியிருப்பு போதும். நீதிபதியாகக் குடிமகளாக இருக்க வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமே என்றேன். போட்டால் ஊரில் பேசுவார்கள், போட்டாலும் வருடக்கணக்கில் இழுப்பார்கள், பாதிப் பேருக்கு வருவதில்லை என்றாள். அக்டோபர் 31 மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவாயா? அப்பா போடக் கூடாது என்கிறார், தம்பி போட்டால் குப்பையாவது அள்ளுவார்கள் என்கிறான், நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். அரசமைப்புச் சட்டம், திங்கள்கிழமை தேர்வாம். இஸ்ரேல் யூத, ஜனநாயக நாடு என்பதை மறுக்கும் கட்சி தேர்தலில் நிற்க முடியாது என்னும் 7அ பிரிவிலிருந்து பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று கட்டாயம் வரும், அதை மட்டும் மூன்று தரம் படித்துவிட்டேன் என்றாள்.